செயலியும் கடைதான்

(செயற்கை நுண்ணறிவும் சட்டமும் என்ற தலைப்பில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் சட்டத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவன். கணினிப் பொறியாளன் இல்லை. ஆகவே இயந்திரம் ஒருநாள் மனிதரை ஆளப்போகிறதா என்கிற கேள்விக்குள் போகப்போவதில்லை. இப்போதே நடந்துகொண்டிருப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்தால் பல பெரிய நிறுவனங்களில் அதை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். செயலியில் கடன் கேட்டால், தரலாமா, எவ்வளவு வட்டிக்குத் தரலாம் என்று கணக்குப் போடுவதும் மென்பொருள். உணவு டெலிவரி செய்யும் தோழருக்கு அடுத்த ஆர்டரைக் கொடுப்பதும், அவருடைய ஐடியை முடக்குவதும் மென்பொருள். தெலங்கானாவில் குடும்பங்களின் தரவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, நலத்திட்டத்துக்குத் தகுதியற்றவர் யார் என்று சொன்னதும் மென்பொருள்தான். அங்கே இலட்சக்கணக்கான ரேஷன் அட்டைகள் ரத்தாகி, வீடு வீடாகப் போய் மறுபடி சரிபார்க்கச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது.

முன்பு இந்த முடிவுகளை மேலாளரோ, வங்கி அதிகாரியோ, தாசில்தாரோ எடுத்தார்கள். அவர்களுடைய முடிவுகளில் சாதி இருந்தது என்று நமக்குத் தெரியும். இப்போது அந்த நாற்காலியில் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. சாதி எழுந்து போய்விட்டதா? போகவில்லை என்றால், எந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது? என் பேச்சு முழுக்க இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

2025 நவம்பரில் ஒன்றிய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் செயற்கை நுண்ணறிவுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் நிலைப்பாடு சுருக்கமாக இதுதான்: இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களைக் கொண்டே பெரும்பாலான ஆபத்துகளைக் கையாளலாம், நிறுவனங்கள் தாமாக முன்வந்து பொறுப்புடன் நடந்துகொள்ளட்டும்.

இருக்கும் சட்டமே போதும் என்கிற வாதம் நமக்குப் புதிதல்ல. 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் சாதியைப் பெயர் சொல்லித் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதை நிராகரித்தபோது சொன்ன காரணமும் இதுதான்: இருக்கும் சட்டத்திலேயே இது அடங்கியிருக்கிறது, தனியாகத் தேவையில்லை.

சரி. அவர்கள் வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். இருக்கும் சட்டங்களை மேசையில் வைத்துப் பார்ப்போம்.

அவர்கள் சொல்லும் சட்டங்கள்

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதன் கீழ் வந்த 2021 விதிகளும். அவை முக்கியமாக, பயனர்கள் தளத்தில் எதைப் பதிவிடுகிறார்கள், அதற்குத் தளம் எப்போது பொறுப்பு என்பதைப் பற்றியவை. யாரோ ஒருவர் சாதியைச் சொல்லி வசைபாடினால் அந்தப் பதிவை நீக்கச் சொல்லலாம். ஆனால் தளமே எடுக்கும் முடிவு, அதாவது யாருக்கு வேலை விளம்பரத்தைக் காட்டுவது, யாருக்குக் கடனை மறுப்பது என்பது, அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வரவே வராது.

அடுத்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் கதையை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவில், கூடுதல் பாதுகாப்புப் பெற வேண்டிய தரவுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. உடல்நலம், பாலியல் நாட்டம், மத நம்பிக்கை ஆகியவற்றோடு ‘சாதி அல்லது பழங்குடி’ என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இருந்தது. 2023இல் சட்டமாக வந்தபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இன்று சட்டத்தின் கண்ணில் உங்கள் சாதியும் உங்கள் காலணி அளவும் ஒரே தரத் தகவல்கள்.

மிச்சமிருப்பது சம்மதம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். வேலை தேடுகிறவர், கடன் தேடுகிறவர் அழுத்தாமல் இருக்க முடியுமா? இந்தச் சட்டத்தின் 2025 விதிகள், மிகப் பெரிய நிறுவனங்கள் தங்கள் மென்பொருள் பயனர்களின் உரிமைக்கு ஆபத்தாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்கின்றன. கவனிக்க வேண்டியவர்களும் அவர்களேதான்.

கேட்காமலே தெரிந்துகொள்ளும் இயந்திரம்

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: “மென்பொருளுக்குச் சாதியைச் சொல்லாமலே விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?” நியாயமான கேள்வி. பதிலுக்கு அமேசான் நிறுவனத்தில் நடந்ததைப் பார்ப்போம். ராய்ட்டர்ஸ் 2018இல் வெளியிட்ட செய்தி அது. விண்ணப்பங்களை மதிப்பிட ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருள் என்ன கற்றுக்கொண்டது? விண்ணப்பத்தில் ‘பெண்கள்’ என்ற சொல் வந்தால், உதாரணத்துக்கு மகளிர் சதுரங்கக் கழகத் தலைவர் என்று இருந்தால், மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் குறைத்தது. பெண்களை ஒதுக்கு என்று யாரும் அதற்குக் கட்டளையிடவில்லை. பழைய பதிவேட்டில் இருந்த உலகத்தை அது அப்படியே உள்வாங்கிக்கொண்டது. கடைசியில் அந்தத் திட்டத்தையே நிறுவனம் கைவிட்டது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். நாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை, எழுத்து முன்னொட்டுதான். ஆகவே இயந்திரத்துக்கு நம் சாதி தெரியாது என்று தமிழ்நாட்டில் பலர் நம்புகிறார்கள். விண்ணப்பத்தில் ‘அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததே, அந்தப் பெயர் ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுக்கத் துரத்தும் என்பதால்தான். முகவரியில் ‘காலனி’ என்று இருக்கும். அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெயர்ப்பலகை மாறினாலும் ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற வரைபடம் மாறுவதில்லை. செயலிக்குத் தேவை பெயர்ப்பலகை அல்ல; உங்கள் கைபேசி இரவில் எந்த இடத்தில் கிடக்கிறது என்கிற தகவல். அது அதனிடம் இருக்கிறது.

எழுதித்தரும், படம் வரைந்துதரும் மென்பொருள்களுக்கு வாருங்கள். 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. கோடிட்ட இடத்தில் ‘தலித்’ அல்லது ‘பிராமணர்’ என்று நிரப்பச் சொல்லும் 105 வாக்கியங்களை ஜிபிடி-5 மென்பொருளிடம் கொடுத்தார்கள். 80 வாக்கியங்களில் சாதிய முன்முடிவுக்கு ஏற்றபடியே அது நிரப்பியது. அறிவுக்கு ஒரு சாதி, அழுக்குக்கு ஒரு சாதி. இணையத்தில் கொட்டிக்கிடக்கும் எழுத்திலிருந்துதான் அது கற்றது. அந்த எழுத்தை யார் எழுதினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, சாதியைக் கேட்காமல் விடுவதால் இயந்திரம் சாதியற்றதாகிவிடாது. “நான் கேட்கவே இல்லையே” என்று சொல்லித் தப்பிக்க அதற்கு ஒரு வழிதான் கிடைக்கும்.

இரட்டைக் குவளை

இப்போது சட்டத்துக்குத் திரும்புவோம். நம்முடைய சட்டத்துக்கு.

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை யோசித்துப் பாருங்கள். அங்கே யாருக்கும் தேநீர் மறுக்கப்படவில்லை. காசு கொடுத்தால் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒருவருக்குக் கண்ணாடிக் குவளை, இன்னொருவருக்கு அலுமினியக் குவளை. ஒருவருக்கு பெஞ்ச், இன்னொருவருக்குத் தரை. தீண்டாமை மறுப்பாக மட்டும் வருவதில்லை. சேவை தரும் விதத்திலும் வரும்.

செயலியும் அப்படித்தான். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உள்ளே போனபிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குவளை. உங்களுக்கு ஒரு வட்டி, எனக்கு ஒரு வட்டி. தேநீர்க் கடையிலாவது இரண்டு குவளைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. படம் பிடிக்க முடிந்தது, போராட முடிந்தது. செயலியில் பக்கத்தில் இருப்பவரின் குவளையை நம்மால் பார்க்க முடியாது.

இதை எந்தச் சட்டம் கேட்கும்? 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்துக்குப் போக வேண்டும். இன்று நாம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு என்று சொல்வது அன்று விவாதத்தில் இருந்தது. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் யாருக்கும் தடை கூடாது என்கிற பிரிவு. ‘கடை’ என்றால் என்ன, சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அதில் வருமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இது: கடை என்ற சொல்லை மிக விரிவான பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேடி வருகிற எவருக்கும் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அது கடை. உள்ளே நுழைய விடுவது மட்டுமே இதன் பொருள் அல்ல. சேவையின் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால் அந்தச் சேவையைக் கேட்டுப் பெறுவதும் இதில் அடங்கும்.

சேவையின் நிபந்தனைகள். ஒவ்வொரு செயலியிலும் நாம் படிக்காமல் ஒப்புக்கொள்கிறோமே, அதேதான். கணினியைப் பார்த்திராத ஒரு சபையில் அவர் சொன்ன இலக்கணத்துக்குள் இன்றைய செயலி கச்சிதமாகப் பொருந்துகிறது.

நான் வலிந்து பொருள் கொள்வதாக நினைக்க வேண்டாம். 2011இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனமும் 15(2)க்குக் கட்டுப்பட்டது என்றது. மற்ற அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியவை. 15(2)ம், தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் தனியாரையும் நோக்கியவை. “நாங்கள் தனியார் நிறுவனம், எங்கள் மென்பொருள் எங்கள் உரிமை” என்ற பதில் இங்கே செல்லாது.

அடுத்து, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். முதலில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபிறகு நாம் ஏறத்தாழ மறந்துவிட்ட சட்டம். அதை எடுத்துப் படியுங்கள், தோழர்களே. அதில் கடைக்கான இலக்கணத்தில், வாடிக்கையாளருக்குச் சேவை தரப்படும் வேறு எந்த இடமும் அடங்கும். 6ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் பொருளையோ சேவையையோ தர மறுப்பது குற்றம் என்கிறது. இரட்டைக் குவளைக்கு எதிராக எழுதப்பட்ட இந்த வரி, ஆளுக்கொரு நிபந்தனை போடும் செயலிக்கும் எதிரானதுதான். 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும், இல்லை என்று எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. 14ஆம் பிரிவு, குற்றம் செய்தது நிறுவனமாக இருந்தால் அதன் பொறுப்பில் இருந்தவர்களும் குற்றவாளிகள் என்கிறது.

“இயந்திரத்துக்கு உள்நோக்கம் இல்லையே” என்பார்கள். உள்நோக்கம் தேவையில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தருவது பற்றிய நிதிஷா வழக்கு அது. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரு விதி, நடைமுறையில் ஒரு பிரிவினரைத் தள்ளிவிடுமானால் அதுவும் பாகுபாடுதான். விதி போட்டவரின் மனதைத் தேட வேண்டியதில்லை என்றது. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக்குள் சாதிவாரியாக வேலை பிரித்ததை ரத்து செய்தபோது, ‘பழக்கம்’, ‘வாழ்க்கை முறை’ என்ற பொதுவான சொற்களுக்குள் சாதி எப்படி ஒளிந்துகொள்கிறது என்று விரிவாகப் பேசியது. சிறை விதிநூலில் ஒளியத் தெரிந்த சாதிக்கு மென்பொருளில் ஒளிவதா கடினம்?

எண்ணாமல் எப்படி நிரூபிப்பது?

ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய தடையும் இருக்கிறது. குவளை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வழக்கை எப்படித் தொடங்குவது? 12ஆம் பிரிவு கைகொடுக்க வேண்டும் என்றாலும், சேவை வேறு நிபந்தனையில் தரப்பட்டது என்பதை முதலில் காட்டியாக வேண்டும். அது குற்றவியல் சட்டம் என்பதால் காவல் நிலையத்தில் தொடங்க வேண்டும். அங்கே நமக்கு என்ன நடக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் புதிய சட்டம் தேவை. அதன் மையத்தில் தணிக்கை இருக்க வேண்டும். வேலை, கடன், வீடு, கல்வி, நலத்திட்டம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர், அதன் முடிவுகள் சாதிவாரியாக எப்படி விழுகின்றன என்று வெளியாரைக் கொண்டு சோதித்து, முடிவை வெளியிட வேண்டும்.

இதற்கு ஒரு எதிர்ப்பு வரும், நம் தரப்பிலிருந்தே வரும். “சாதியை அழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாதித் தரவைத் திரட்டச் சொல்கிறீர்களா?” சுகன்யா சாந்தா தீர்ப்பு சிறைப் பதிவேட்டின் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. நாம் அதை வரவேற்றோம். இப்போது தணிக்கைக்குச் சாதி விவரம் வேண்டும் என்கிறோம். இரண்டும் முரண் இல்லை. முடிவெடுப்பவரின் கையில் சாதிப் பத்தி இருக்கக் கூடாது. முடிவெடுப்பவரைச் சோதிப்பவரின் கையில் இருந்தாக வேண்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பை நாம் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். அரசை எண்ணச் சொன்னோம், நிறுவனங்களையும் எண்ணச் சொல்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறது. வேலைவாய்ப்பு, கல்வி, கடன் தகுதி போன்றவற்றில் பயன்படும் மென்பொருளை அது அதிக ஆபத்துள்ள வகையில் வைக்கிறது. இனம் போன்ற தரவுகளைக் கையாள அங்கே கடுமையான தடை உண்டு. ஆனால் அத்தகைய மென்பொருளில் பாகுபாட்டைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு மட்டும், கட்டுப்பாடுகளோடு, அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அனுமதி தருகிறது. அவர்களுடைய தரவுப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. அதை எழுத வேண்டியது நம் வேலை.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் இசுலாமியப் பெயருக்கும் நேர்காணல் அழைப்பு குறைவாக வந்தது. அன்று மனித மேலாளரைச் சோதித்த அதே முறையில் இன்று மென்பொருளைச் சோதிக்கலாம். இந்த அரங்கில் கணினி படிக்கிறவர்களும் சட்டம் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இதுதான்.

ஐடி போய்விட்டது

கடைக்குள் வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு வாடிக்கையாளரை மட்டும் பேசுவது சரியாகாது. 2024 மார்ச் 19 அன்று சொமேட்டோ நிறுவனம், சுத்த சைவ வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தனி டெலிவரி அணி, அவர்களுக்குப் பச்சைச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சீருடையைக் கைவிட்டது. தனி அணி தொடரும் என்றது. சீருடை போனதால் பிரிவினை கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். தீட்டு என்கிற கருத்து செயலிக்குள் ஒரு வசதியாக உட்கார்ந்துகொண்டது.

என் ஆய்வுக்காக டெலிவரி தோழர்களிடம் பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம், “ஐடி போயிடுச்சுண்ணா” என்பது. ஏன் போனது என்று கேட்டால் தெரியாது. வாடிக்கையாளர் குறைந்த ரேட்டிங் கொடுத்திருக்கலாம். லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று சொன்ன இடத்தில் வாக்குவாதம் ஆகியிருக்கலாம். அந்த வாடிக்கையாளரின் மனதில் என்ன இருந்தது என்று செயலி கேட்பதில்லை. அவருடைய வெறுப்பை ஒரு நட்சத்திரமாக வாங்கி, எண்ணாக மாற்றி, வேலையைப் பறிக்கும் முடிவாகத் திருப்பித் தருகிறது. முன்பு முதலாளியின் சாதிப்புத்தியோடு மட்டும் மல்லுக்கு நின்ற தொழிலாளி, இன்று ஊரில் இருக்கும் அத்தனை வாடிக்கையாளரின் சாதிப்புத்திக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. ராஜஸ்தான் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையைத் தீர்மானிக்கும் தானியங்கி முறைகளைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து நீக்குவதானால் எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் கிக் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நலவாரியம் உதவித்தொகை தரும். ஐடி ஏன் போனது என்று அது கேட்காது. அதைக் கேட்கும் சட்டம் இங்கேயும் வேண்டும்.

அரசின் கையில் கொடுக்கும் முன்

ஒரு எச்சரிக்கை. ஒழுங்குமுறை வேண்டும் என்று நாம் கேட்கும்போது அரசு மகிழ்ச்சியோடு முன்வந்து தருவது எது தெரியுமா? பதிவுகளை நீக்கும் அதிகாரம். இணையத்தில் சாதி இழிவு செய்கிறவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது; ‘பொதுமக்கள் பார்வையில்’ என்ற சொல் இணையத்துக்கும் பொருந்தும் என்றது. அது நமக்கு வேண்டும். ஆனால் காரணம் சொல்லாமல், கேள்வி கேட்க விடாமல் தளங்களையும் கணக்குகளையும் முடக்கும் அதிகாரம் எப்போதும் முதலில் பாய்வது எளியவர்களின் குரல் மீதுதான். பேச்சை அடக்கும் சட்டம் வேறு. முடிவெடுக்கிறவரைப் பதில் சொல்ல வைக்கும் சட்டம் வேறு. நாம் கேட்பது இரண்டாவது.

அரசும் மென்பொருள் பயன்படுத்துகிறவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒன்றிய அரசு குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லிப் பதில் மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் ரேகை, கருவிழிப் பதிவுகளை எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க வழி செய்கிறது.

உடலை அளந்து குற்றவாளியை முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்கிற யோசனை கணினியோடு வந்ததல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊரில் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறப்பைப் பார்த்து ஒரு சமூகத்தையே சந்தேகப் பட்டியலில் வைத்தது அந்தச் சட்டம். அந்தக் காலத்துக் காவல் பதிவேட்டின் வாரிசுகளைத்தான் நாளை மென்பொருளுக்குப் பாடப்புத்தகமாகக் கொடுக்கப்போகிறார்கள். அங்கே தணிக்கை மட்டும் போதாது. சில இடங்களில் இயந்திரமே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும்.

என்ன கேட்கிறோம்

முடிக்கிறேன். நாம் கேட்பது நான்கு. ஒன்று, செயற்கை நுண்ணறிவு பற்றி வரும் எந்தச் சட்டத்திலும் சாதி என்ற சொல் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். ‘எல்லா வகைப் பாகுபாடும்’ என்ற பொதுச் சொல்லுக்குள் அதை மறைக்கக் கூடாது. இரண்டு, உள்நோக்கத்தை அல்ல, விளைவைப் பார்க்க வேண்டும். பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவருடையது. 1955லேயே ஏற்றுக்கொண்ட கொள்கைதான் இது, புதிதாக எதையும் கேட்கவில்லை. மூன்று, வெளியார் தணிக்கை, அதன் முடிவை மக்கள் படிக்கும்படி வெளியிடுவது. அரசுக்கும் இதில் விலக்குக் கூடாது. நான்கு, வேலையோ கடனோ ரேஷனோ மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் வேண்டும், தமிழில் வேண்டும், மேல்முறையீட்டைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

மகாடின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் இருந்தும் தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு மக்கள் திரண்டு போய் அள்ளிக் குடித்தார்கள். அதன் பிறகும் வழக்கு நடந்தது. காலங்காலமாக அது தங்களுக்கு மட்டுமே உரிய குளம் என்று சாதி இந்துக்களால் நிரூபிக்க முடியவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 13 ஆண்டுகள். நடுவில் மக்கள் குளத்தில் இறங்கியிருக்காவிட்டால் அந்தத் தீர்மானம் காகிதமாகவே கிடந்திருக்கும்.

15(2) பிரிவும் 1955 சட்டமும் இப்போது அப்படித்தான் கிடக்கின்றன. செயலிகளைக் கடை என்று அழைத்து, அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை என்று கேட்டு, முதல் வழக்கை நம்மில் யாராவது தொடுக்க வேண்டும். அதற்கான சான்றுகளைத் திரட்டும் வேலையை இந்த அரங்கிலிருந்தே தொடங்கலாம். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ஒரு செயலி வேலையை, கடனை, ஐடியை மறுத்திருந்தால் திரைப்பதிவை எடுத்து வையுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள், காரணம் கேட்டு எழுதுங்கள். பதில் வராது. பதில் வராததும் ஒரு சான்றுதான்.